தேய்ந்த டயரின் சாட்சி

வண்டி வைத்துப் பிழைப்பவர்களின் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “இந்த டயரும் போய்விட்டது.” அந்த ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல்லில்தான் அந்தக் குடும்பத்தின் துன்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு டயர் வெடித்தால் அது தற்செயல். இரண்டாவது வெடித்தால் துரதிர்ஷ்டம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக் கொள்ளலாம். மூன்றாவதும் வெடித்தால், அங்கே நாம் இன்னும் கண்டுபிடிக்காத காரணம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதே பொருள். அந்தக் காரணத்தைத் தேடும் முறை எது என்பதைப் பற்றியே இங்கே சிந்திக்கப் போகிறோம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்களில் வண்டித் தொழிலை நம்பியிருப்போர் பலர். 1956ஆம் ஆண்டில் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, பாலக்காடும், தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைப் பகுதிகளும் கேரளத்தில் அமைந்தன. மலைப் பகுதிகள் பின்னர் 1972இல் இடுக்கி மாவட்டமாயின. நிலப்படத்தில் எல்லைக்கோடு விழுந்ததே தவிர, காய்கறியும் மனிதரும் போய்வருவது நிற்கவில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் மாலையில் ஏற்றப்படும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மறுநாள் காலையில் கேரளத்துச் சமையலறைகளில் இருக்கின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் சிறு சரக்கு வண்டிகளுள் ஒன்றைப் பற்றியதுதான் நாம் சொல்லப் போகும் செய்தி.

அந்த வண்டியின் உரிமையாளர் நம் நெருங்கிய உறவினர். குமுளியில் பிறந்து வளர்ந்த தமிழர். வாரத்தில் மூன்று நாள் பழநி, பொள்ளாச்சி வழியாகக் கோபாலபுரம் எல்லையைக் கடந்து பாலக்காட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்வார். மற்ற நாட்களில் தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கோ, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கோ மலையேறுவார். வண்டி மூன்று இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. யந்திரம் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் பதினான்கு மாதங்களில் ஐந்து டயர்கள் பாழாயின. நான்கு வெடித்தன, ஒன்று வெடிப்பதற்கு முன்பே கழற்றப்பட்டது. நான்காவது டயர், குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இரவில் இறங்கி வரும்போது ஒரு வளைவில் வெடித்தது. வண்டியில் சுமை தூக்கும் தொழிலாளர் மூவர் இருந்தார்கள். வண்டி மலைப்பக்கத்து மண்சரிவில் சாய்ந்து நின்றதால் உயிர் பிழைத்தார்கள். மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளத்தாக்கு. மறுநாள் அம்மூவரில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. “அவர் மனைவி விடமாட்டேன் என்கிறாள்” என்று செய்தி மட்டும் வந்தது. அதன் பிறகுதான் இனி டயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது.

அதுவரை அவருக்குக் கிடைத்த யோசனைகளுக்குக் குறைவில்லை. டயர் விற்றவர் வெயிலைக் குறை சொன்னார். பஞ்சர் கடைக்காரர் டயர்க் கம்பெனியைக் குறை சொன்னார். சக ஓட்டுநர்கள் மலையைக் குறை சொன்னார்கள். ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டு மூன்று கம்பெனிகளின் டயர்களை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. “காற்று குறைந்தால்தானே ஆபத்து? கூடவே அடித்து வை” என்ற யோசனையின்படி, அறுபது பவுண்டு இருக்க வேண்டிய பின் சக்கரங்களில் எழுபத்தைந்து பவுண்டு காற்றும் அடைத்தாகிவிட்டது. பலன் இல்லை.

இவ்விடத்தில், டயர் என்பது எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்பதைச் சிறிது தெரிந்து கொள்வது நல்லது. காற்றடைத்த டயரை 1845இல் ராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் முதலில் பதிவு செய்தார். அது மறக்கப்பட்டுப் போய், 1888இல் ஜான் டன்லப் என்பவர் மீண்டும் அதைக் கண்டு பழக்கத்திற்குக் கொண்டு வந்தார். இவர்கள் கண்ட உண்மை இதுதான்: சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைக் கட்டி வைத்திருக்கும் பை மட்டுமே. ஒரு சக்கரத்தின் மேல் தொள்ளாயிரம் கிலோ சுமை இருக்கிறது என்றும், சதுர அங்குலத்திற்கு அறுபது பவுண்டு வீதம் காற்று இருக்கிறது என்றும் கொள்வோம். கணக்குப் போட்டால் அந்தச் சக்கரம் ஏறக்குறைய முப்பத்து மூன்று சதுர அங்குலப் பரப்பில் தரையைத் தொட்டு நிற்கும். இரண்டு தபால் அட்டைகளை அருகருகே வைத்தால் கிடைக்கும் பரப்பைக் காட்டிலும் இது குறைவு. அத்துணைச் சிறிய இடத்தின் மேல்தான் முக்கால் டன்னுக்கு மேற்பட்ட சுமை ஓடுகிறது!

காற்று குறைந்தால் இந்தப் பரப்பு அகலும்; டயரின் பக்கச் சுவர் அதிகமாக மடியும். சக்கரம் ஒரு முறை சுற்றும்போது ஒரு முறை மடிந்து நிமிர வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் இது பல நூறு முறை நிகழ்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடித்த இடம் சுடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். டயரின் பக்கச் சுவரிலும் அதுவே நடக்கிறது. ரப்பர் உஷ்ணத்தை எளிதில் வெளியே விடாத பொருள். ஆகவே சூடு உள்ளேயே தங்கி, ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. வெடிப்பது ஒரு நொடியில் நிகழ்ந்தாலும், அதற்கான வேலை பல மணி நேரம், சில வேளைகளில் பல நாட்கள், ஓசையின்றி நடந்திருக்கும்.

இனி வெயில் மீதும் மலை மீதும் சாட்டப்பட்ட குற்றங்களை விசாரிப்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கோடைக் காற்றின் வெம்மை நாம் அறிந்ததே. அங்கே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. காலையில் இருபத்தேழு டிகிரியில் அறுபது பவுண்டு காற்று அடைத்த டயர், ஓடி ஓடி உள்ளே ஐம்பத்தேழு டிகிரி சூடாகிவிட்டால், காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழரைப் பவுண்டு உயரும். நல்ல டயர் இதைத் தாங்குமாறுதான் செய்யப்படுகிறது. ஆகையால் வழியில் டயர் சூடாக இருக்கும்போது அளந்து பார்த்து, “அதிகமாகிவிட்டது” என்று காற்றை இறக்கிவிடுவது தவறு. அப்படி இறக்கினால் மறுநாள் காலையில் டயர் குளிர்ந்தபின் காற்று பற்றாமற் போகும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, ஓட்டுவதற்கு முன் அளப்பதே சரியான அளவு.

மலையின் கதை இன்னும் விசித்திரமானது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயருக்குள் இருக்கும் காற்று கருவியில் சுமார் ஒன்றரைப் பவுண்டு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் அதே ஏற்றத்தில் ஆறேழு டிகிரி குளிர்ச்சியும் உண்டு. அந்தக் குளிர்ச்சியினால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய அதே ஒன்றரைப் பவுண்டு குறையும். மலை ஒரு கையால் கொடுத்ததை மற்றொரு கையால் வாங்கிக் கொள்கிறது. எனவே உயரம் டயரை வெடிக்கச் செய்கிறது என்னும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இதைவிட எளிய வாதம் ஒன்றும் உண்டு: மலை ஏறியது ஒரு சக்கரம் மட்டும் அன்று, நான்கு சக்கரங்களும் ஏறின. மற்ற மூன்றுக்கும் நேராத தீங்கு ஒன்றுக்கு மட்டும் ஏன் நேர்ந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கம்பத்தில் உள்ள வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர். நாம் விடுமுறையில் சென்றிருந்தபோது உறவினருடன் அவர் பட்டறைக்குப் போயிருந்தோம். அவர் வண்டியை உடனே பார்க்கவில்லை. “தம்பி, செத்த டயர்களை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். நல்ல வேளையாக அவை விற்கப்படவில்லை. வீட்டுப் பின்புறம் கிடந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, பாழான வரிசைப்படி திண்ணையில் அடுக்கினார். “டயரைத் திட்டாதீர்கள். அது குற்றவாளி இல்லை, சாட்சி. அதை விசாரிக்க வேண்டும்” என்றார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அன்று அவர் செய்தது நன்கு விளங்கியது. எழுத்து தெரிந்தவனுக்கே ஏடு பேசும். டயரின் தேய்மானமும் ஒரு வகை எழுத்துதான். நடுப்பகுதிப் பட்டன்கள் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் என்று படிக்க வேண்டும். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவு, அல்லது சுமை அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் முன் சக்கரங்களின் சாய்வோ திசையோ பிசகியிருக்கிறது. அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போல் உறுத்தினாலும் அதுவே காரணம். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அதிர்ச்சி தாங்கும் ஷாக் அப்ஸார்பர் தளர்ந்திருக்கிறது, அல்லது சக்கரம் சமநிலையில் இல்லை. ஒரே இடத்தில் பட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது.

நம் ஐந்து சாட்சிகளும் சொன்னது என்ன? ஐந்திலும் நடுப்பகுதி தேய்ந்திருந்தது. காற்று அதிகம் என்பது அதன் பொருள். ஆனால் ஐந்தின் பக்கச் சுவரிலும் வட்டமாக ஒரு மடிப்புக் கோடு ஓடியது. உள்ளே கைவிட்டால் ரப்பர்த் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. காற்றுக் குறைவாக நெடுந்தூரம் ஓடியது என்பது அதன் பொருள். ஒரே சாட்சி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குமூலங்கள் கொடுத்தால் என்ன செய்வது? பொய் என்று தள்ளுவது எளிது. ஆனால் இரண்டும் மெய்யாக இருப்பதற்கு வழி உண்டா என்று பார்ப்பதே விசாரணை.

அந்த வழியைக் காட்டியது உறவினரின் கணக்குப் புத்தகம். டீசல், சுங்கம், கூலி ஆகியவற்றோடு டயர் மாற்றிய நாள், இடம் ஆகியவற்றையும் அவர் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததில், மலைக்குப் போன நாளிலோ அதற்கு மறுநாளிலோதான் எல்லாத் தொல்லைகளும் நேர்ந்திருந்தன. பாலக்காட்டு வெயிலில் வெடித்ததாகச் சொல்லப்பட்ட மூன்றாவது டயர்கூட, முந்திய இரவு குமுளியிலிருந்து திரும்பி, காற்றுப் பார்க்காமல் காலையில் சரக்கு ஏற்றிக் கிளம்பியபோது வெடித்ததே. ஆகவே அந்தச் சக்கரம் சமவெளியில் காற்றைக் காத்தது. மலை வளைவுகளில் காற்றை இழந்தது. காலையில் எழுபத்தைந்து பவுண்டு அடைத்துக்கொண்டு பாலக்காட்டு நேர்ச்சாலையில் ஓடியபோது நடுப்பகுதி தேய்ந்தது. மலையில் காற்று கசிந்தபோது பக்கச் சுவர் மடிந்தது. இரண்டு வாக்குமூலங்களும் மெய்யே.

புத்தகத்தில் மற்றொரு குறிப்பும் இருந்தது. முதல் மூன்று டயர்களும் பாழானது இடப்பக்கப் பின் சக்கரத்தில். மூன்றாவதற்குப் பிறகு, இடப்பக்கம் சுமை சாய்கிறதோ என்ற சந்தேகத்தில், இரு பின் சக்கரங்களையும் ரிம்மோடு கழற்றி வலம் இடமாக மாற்றிப் பூட்டியிருந்தார்கள். நான்காவதும் ஐந்தாவதும் பாழானது வலப்பக்கத்தில்! முதியவர் முகம் மலர்ந்தது. “தொல்லை வண்டியில் இல்லை, சக்கரத்தோடு நடந்து போயிருக்கிறது” என்றார். அப்படியானால் வில் பட்டை, பிரேக், அச்சு, சுமையின் சாய்வு ஆகிய எல்லாம் ஒரே வீச்சில் விடுதலை பெற்றன. டயர் ஐந்து முறை மாறிவிட்டது; அதுவும் விடுதலை. வால்வையும் இருமுறை மாற்றியாகிவிட்டது. எல்லாம் மாறியும் மாறாமல் இருந்தது எது? அந்த இரும்பு ரிம் ஒன்றுதான்.

“ஆனால் அண்ணே, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தோமே, ஒரு குமிழிகூட வரவில்லையே?” என்று உறவினர் கேட்டார். “சுமை இல்லாமல் பார்த்தீர்கள். சுமந்துகொண்டு நிற்கும்போது பார்க்க வேண்டும்” என்பது பதில். சரக்கு ஏற்றிய வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ரிம்மின் உட்பக்கத்தில் அப்பியிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவி, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார்கள். ஒன்றும் இல்லை. வண்டியைக் கால் சுற்று உருட்டி நிறுத்தி மறுபடி தடவினார்கள். ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை, ரிம்மின் பற்றவைப்பு ஓரத்தில், மயிரிழை போன்ற ஒரு கோட்டிலிருந்து கடுகு மணிகள் போலச் சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. எப்போதோ ஒரு குழியில் அடிபட்டு விழுந்த விரிசல் அது. சுமை அந்த இடத்தில் அழுந்தும்போது மட்டும் வாய் திறந்தது; மலை வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் சாயும்போது இன்னும் அகலத் திறந்தது. அதிகமாக அடைத்த காற்று அதற்குத் துணை செய்ததே தவிர, தடுக்கவில்லை.

“பற்றவைத்துக் கொள்ளலாமா?” என்று கேட்டதற்கு முதியவர் தலையசைத்து மறுத்தார். விரிசல் கண்ட ரிம்மைப் பற்றவைத்து ஓட்டுவது, சுமையும் சூடும் ஏறும்போது வேறிடத்தில் உடைவதற்கு வழி செய்வதாகும். அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவதே முறை. புது ரிம்மின் விலை ஒரு டயரின் விலையிலும் குறைவு. அந்தச் சிறு செலவைக் காணாமல் ஐந்து டயர்களும், ஒரு தொழிலாளியின் நம்பிக்கையும் போயிருந்தன. ரிம்மை மாற்றி, குளிர்ந்த நிலையில் அறுபது பவுண்டு காற்று வைத்து ஓட்டத் தொடங்கிய பிறகு அந்தச் சக்கரம் தொல்லை கொடுக்கவில்லை. வேலையை விட்டு நின்றவர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துத் திரும்பி வந்தார்.

இந்தக் கதையிலிருந்து வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள் சில உண்டு. ஸ்டெப்னி உட்பட ஒவ்வொரு ரிம்முக்கும் வர்ணத்தால் எண் எழுதி வையுங்கள். எந்த ரிம் எந்த நாளில் எந்த இடத்தில் பூட்டப்பட்டது, எந்தச் சாலையில் தொல்லை நேர்ந்தது என்பதைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி குறித்து வையுங்கள். பாழான டயரை அதன் கதையைப் படிக்காமல் விற்காதீர்கள். புது டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்; 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நெடுநாள் கிடங்கில் கிடந்த டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும். பட்டன்களுக்கு இடையே உள்ள சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. மலையிறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கின் கொதிப்பு ரிம்மின் வழியாக டயரின் விளிம்பைச் சென்று சுடும். ஒரு டயருக்கு அடிக்கடி காற்றுத் தேவைப்படுகிறது என்றால், காற்றடைப்பதோடு நில்லாமல், போன காற்று எந்த வழியாகப் போயிற்று என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டயரையும் வால்வையும் காற்றின் அளவையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், தொல்லை நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. நிற்காவிட்டாலும் எதனால் நிற்கவில்லை என்று தெரியாது. மாற்றிய பிறகு தொல்லை இடத்தோடு நிற்கிறதா, சக்கரத்தோடு போகிறதா என்று கவனியுங்கள். இடத்தோடு நின்றால் வண்டியைப் பாருங்கள். சக்கரத்தோடு போனால் சக்கரத்தைப் பாருங்கள்.

மருந்தைப் பற்றிப் பேசிய வள்ளுவர், நோய் இன்னதென்று அறிந்து, பிறகு அதன் மூலத்தை அறிந்து, அதற்குப் பிறகே தீர்க்கும் வழியைத் தேடச் சொன்னார். நாம் பெரும்பாலும் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். வெடித்தது டயர், ஆகவே டயரை மாற்று என்கிறோம். நடுப்படியில் நின்று, எல்லாவற்றையும் மாற்றியும் மாறாமல் இருப்பது எது என்று ஒரு நாழிகை சிந்திக்கும் பொறுமை இருந்தால் போதும். அந்தப் பொறுமை, இரவில் மலையிறங்கும் வண்டியில் நம்மை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.